ஸ்பெஷல் நீட்ஸ் ட்ரஸ்ட்: ஒரே காசுக்கு ரெண்டு கணக்கு

எங்க பையனுக்கு 18 முடிஞ்ச அடுத்த மாசமே எஸ்எஸ்ஐக்கு, அதாவது கையில காசு கம்மியா இருக்கற குறைபாடு உள்ளவங்களுக்கு அமெரிக்க அரசு மாசாமாசம் குடுக்கற உதவித்தொகைக்கு, அப்ளை பண்ணிட்டோம். ஆட்டிசம் டயக்னோசிஸ் மூணு வயசுலேயே வந்தது, ஸ்கூல் ரெக்கார்டு, ஐஇபி (ஸ்கூல்ல அவனுக்குன்னு போட்ட தனிக் கல்வித் திட்டம்) எல்லாம் கட்டுக்கட்டா இருந்துச்சு, கண்டிப்பா கிடைச்சிடும்னு நம்பி உக்காந்திருந்தோம். கொஞ்ச நாள் கழிச்சு லெட்டர் வந்துச்சு, கிடையாதுன்னு. காரணம் டயக்னோசிஸ் இல்ல, அவன் பேர்ல யூடிஎம்ஏ அக்கவுண்ட்ல, அதாவது மைனர் பேர்ல பெரியவங்க பார்த்துக்கற அக்கவுண்ட்ல, கிடந்த 6,300 டாலர். பொறந்ததுலேருந்து தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா எல்லாரும் பர்த்டேக்கு பர்த்டே குடுத்த 51, 101 டாலரை செலவு பண்ணாம பொறுப்பா போட்டு வச்சிருந்தோம், அந்தப் பொறுப்புதான் வினையாப் போச்சு. எங்க ஸ்டேட்ல 18 ஆனதும் அது முழுக்க அவன் சொத்து. எஸ்எஸ்ஐ வாங்குற ஒரு ஆளு கையில 2,000 டாலருக்கு மேல இருக்கக் கூடாது. இந்த 2,000 அப்படிங்கற நம்பர் 1989-லேருந்து மாறவே இல்ல, அன்னைக்கு பால் என்ன விலை இன்னைக்கு என்ன விலைன்னு யாரும் பார்க்கல.

அந்த ஒரு லெட்டருக்கு அப்புறம்தான் நான் ஸ்பெஷல் நீட்ஸ் ட்ரஸ்ட்டைப் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், அதாவது காசை பிள்ளை கையில குடுக்காம தனியா வச்சு, ட்ரஸ்டின்னு ஒருத்தர் அவனுக்காக செலவு பண்ற, அரசு உதவியும் கெடாத ஏற்பாடு. நான் லாயரும் இல்ல, டேக்ஸ் பார்க்கற சிபிஏவும் இல்ல, பையனோட ட்ரஸ்ட் பேப்பரை வருஷா வருஷம் பார்த்துக்கற ஒரு அம்மா, அவ்ளோதான். டாக்குமெண்ட் எழுதறதுக்கு உங்க ஸ்டேட்ல இதையே தொழிலா பண்ற லாயர்தான் வேணும், வீடு வாங்கறப்ப பார்த்த லாயர்கிட்ட போயிடாதீங்க. ஆனா லாயர்கிட்ட போறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சிருந்தா நீங்க கேக்கற கேள்வியே வேற மாதிரி இருக்கும். கீழ நான் போடற நம்பர் எல்லாம் வேற வருஷம்னு சொல்லாத வரைக்கும் 2025-க்கு உள்ளது, பெரும்பாலும் வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும்.

முதல்ல ஒண்ண மனசுல போட்டுக்கோங்க. வருமானம்னு டேக்ஸ் வாங்கற ஐஆர்எஸ் சொல்றதும் வருமானம்னு எஸ்எஸ்ஐ குடுக்கற சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் சொல்றதும் ஒண்ணு கிடையாது. ஒரே டாலர் அங்க வருமானமா இருக்கும் இங்க இருக்காது, இங்க இருக்கும் அங்க இருக்காது. நிறைய பேர் மாட்டிக்கறது இந்த இடத்துலதான், டேக்ஸ் பார்க்கற ஆளு பெனிஃபிட் பக்கம் பார்க்க மாட்டார், பெனிஃபிட் தெரிஞ்ச சோஷியல் ஒர்க்கருக்கு டேக்ஸ் தெரியாது, நடுவுல நிக்கறது நம்மதான்.

யார் காசு உள்ள போகுதுங்கறதுதான் முதல் கேள்வி

ட்ரஸ்ட்ல ரெண்டு ஜாதி. பிள்ளையோட சொந்தக் காசுல போட்டா அது ஃபர்ஸ்ட் பார்ட்டி ட்ரஸ்ட். ஆக்சிடெண்ட் நஷ்டஈடு, நேரா அவன் பேருக்கு வந்த சொத்து, எங்க யூடிஎம்ஏ மாதிரி காசு எல்லாம் இதுல வரும். 65 வயசுக்குள்ள போடணும், அவனுக்காக மட்டும்தான் செலவு பண்ணணும், அவன் காலத்துக்கு அப்புறம் மிச்சம் இருந்தா மெடிகெய்ட், அதாவது வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான அரசு மருத்துவ உதவி, அதுவரைக்கும் அவனுக்கு செலவு பண்ணத எடுத்துக்கிட்டு அப்புறம்தான் வேற யாருக்கும். ட்ரஸ்ட் போட்ட தேதியிலேருந்து இல்ல, வாழ்நாள் முழுக்க செலவு பண்ணது, அதை கவனிங்க. இன்னொரு வயித்தெரிச்சல், அவன் போன பிறகு ஈமக்காரிய செலவைக்கூட மெடிகெய்ட் கணக்கு முடியறதுக்கு முன்னாடி அந்த ட்ரஸ்ட்லேருந்து எடுக்க முடியாது, அதனால அதுக்கு முன்கூட்டியே ப்ரீபெய்ட் ப்ளான் வாங்கி வைக்கச் சொல்வாங்க. கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா லாயர் சொன்னா முகம் சுளிக்காதீங்க. 2016 டிசம்பர் வரைக்கும் அப்பா அம்மா, தாத்தா பாட்டி, கார்டியன் இல்லன்னா கோர்ட்தான் இந்த ட்ரஸ்ட்டை போட முடியும்னு இருந்துச்சு, அப்புறம் சட்டம் மாறிச்சு, இப்போ விவரம் தெரிஞ்ச பிள்ளையா இருந்தா அவனே போட்டுக்கலாம்.

நம்ம காசு, தாத்தா பாட்டி காசு, இன்சூரன்ஸ் இதெல்லாம் போகறது தேர்ட் பார்ட்டி ட்ரஸ்ட். இதுல மெடிகெய்ட்டுக்கு திருப்பிக் குடுக்கற பேச்சே இல்ல, மிச்சம் அக்காவுக்கோ தம்பிக்கோ போகலாம். ரெண்டையும் கலக்காதீங்க. பிள்ளையோட நூறு டாலர் தேர்ட் பார்ட்டி ட்ரஸ்ட்ல விழுந்தாலும் தலைவலிதான்.

சின்னத் தொகைக்கு ட்ரஸ்ட்டே தேவையில்ல, எங்க 6,300-க்கு ஏபிள் அக்கவுண்ட்தான், அதாவது குறைபாடு உள்ளவங்களுக்குன்னே இருக்கற சேமிப்பு அக்கவுண்ட்தான், ஓப்பன் பண்ணோம், மாத்திட்டு மறுபடி அப்ளை பண்ணோம், கிடைச்சிடுச்சு. முன்னாடி 26 வயசுக்குள்ள வந்த குறைபாடா இருக்கணும், 2026 ஜனவரிலேருந்து அது 46 ஆயிடுச்சு. வருஷத்துக்கு 19,000 டாலர் போடலாம், 1 லட்சம் டாலர் வரைக்கும் எஸ்எஸ்ஐ கண்ணுக்கே தெரியாது, உள்ள வளர்ற காசுக்கும் அவனோட தேவைக்கு எடுத்தா டேக்ஸ் இல்ல. ஒரு ஆளுக்கு ஒரே அக்கவுண்ட்தான்.

எஸ்எஸ்ஐ யாருக்குன்னு ஒரு வரி, நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்கறதால. இங்க பொறந்த பிள்ளைன்னா பிரச்சனை இல்ல. 18 வரைக்கும் அப்பா அம்மா சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க, ஐடி சம்பளத்துல அதுவரைக்கும் வாய்ப்பே இல்ல, 18-க்கு அப்புறம் அவன் காசை மட்டும்தான் பார்ப்பாங்க. ஹெச்1பி வேலை விசா குடும்பத்தோட ஹெச்4 விசால இருக்கற பிள்ளைக்கு கிடையாது. க்ரீன் கார்டுன்னா பொதுவா அஞ்சு வருஷமும் ஆகணும், 40 குவார்ட்டர் வேலைக் கணக்கும், அதாவது சுமார் பத்து வருஷ வேலையும், வேணும், பிள்ளைக்கு 18 ஆகறதுக்குள்ள நீங்க வேலை பார்த்த குவார்ட்டரையும் அதுல சேர்த்துக்கலாம்.

ட்ரஸ்ட்லேருந்து காசை எப்படி எடுக்கறது

இங்கதான் கை ஜாக்கிரதையா இருக்கணும். முழு எஸ்எஸ்ஐ மாசம் 967 டாலர், 2026-ல 994. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், பிள்ளை தனியா அபார்ட்மெண்ட்ல இருக்கான், வாடகையில ட்ரஸ்ட் 1,200 டாலர் குடுக்கணும்.

ட்ரஸ்டி பாசத்துல 1,200-ஐ பிள்ளை அக்கவுண்ட்ல போட்டுட்டார்னு வைங்க. முதல் 20 டாலரை விட்டுட்டு மிச்சம் 1,180-ம் டாலருக்கு டாலர் கழியும், அந்த மாசம் எஸ்எஸ்ஐ பூஜ்யம். பல ஸ்டேட்ல எஸ்எஸ்ஐ கூடவே மெடிகெய்ட் ஒட்டிக்கிட்டு வருது, அதனால அதுக்கும் ஆபத்து. அதே 1,200-ஐ ட்ரஸ்ட் நேரா வீட்டுக்காரருக்கு செக் போட்டா எவ்ளோ பெரிய வாடகையா இருந்தாலும் அதிகபட்சம் 342 டாலர் 33 சென்ட்தான் வருமானமா கணக்கு வைப்பாங்க, அதாவது முழுத்தொகையில மூணுல ஒரு பங்கு கூட ஒரு 20, அதுலயும் முதல் 20-ஐ விட்டுட்டு 322 டாலர் 33 சென்ட்தான் குறைப்பாங்க. அப்போ 644 டாலர் 67 சென்ட் கைக்கு வரும், மெடிகெய்ட்டும் நிக்கும். மூணாவது வழி, ட்ரஸ்ட் அந்த 1,200-ஐ அவனோட ஏபிள் அக்கவுண்ட்ல போடுது, அதுலேருந்து அதே மாசத்துக்குள்ள வாடகை போயிடுது, ஒரு டாலரும் குறையாது. மூணுலயும் அதே வீடு, அதே காசு, குழாய்தான் வேற.

அப்ப எல்லாத்தையும் ஏபிள்ல கொட்டிடலாமேன்னு தோணும். வேண்டாம். ஏபிள்ல மிச்சம் நிக்கற காசுக்கு அவன் காலத்துக்கு அப்புறம் ஸ்டேட் மெடிகெய்ட் பாக்கி கேக்கலாம், தேர்ட் பார்ட்டி ட்ரஸ்ட்ல அது இல்லன்னு மேல சொன்னேன்ல. அதனால ஏபிளை குழாயா வச்சுக்கோங்க, தொட்டியா வச்சுக்காதீங்க.

சாப்பாடு பத்தி பழைய ஆர்ட்டிகிள்ல எல்லாம் ட்ரஸ்ட் க்ரோசரி வாங்கினா எஸ்எஸ்ஐ குறையும்னு இருக்கும். 2024 செப்டம்பர் 30-லேருந்து அது போயிடுச்சு, ட்ரஸ்ட் மளிகைக் கடைக்கு நேரா காசு கட்டினா குறைக்க மாட்டாங்க. இப்போ இருக்கறது இருப்பிடம் மட்டும், வாடகை, மார்ட்கேஜ், ப்ராபர்ட்டி டேக்ஸ், கரண்ட், கேஸ், தண்ணி இந்த மாதிரி. ஃபோன் பில், இன்டர்நெட், லேப்டாப், தெரபி, பல் வைத்தியம், சம்மர் கேம்ப், ஃப்ளைட் டிக்கெட் இதெல்லாம் ட்ரஸ்ட் நேரா கட்டினா ஒண்ணும் ஆகாது. பிள்ளைக்கு க்ரெடிட் கார்டு வாங்கிக் குடுத்து பில்லை ட்ரஸ்ட் கட்டறதும் ஓகே, இருப்பிட செலவு அதுல இல்லாத வரைக்கும். கிஃப்ட் கார்டு மட்டும் வேண்டாம், விக்கக்கூடிய கார்டுன்னா காசு மாதிரியே கணக்கு வைப்பாங்க.

வீட்லயே இருக்கற பிள்ளைன்னா, வாடகை சாப்பாடு எதுவும் குடுக்காம உங்க கூட இருந்தா மூணுல ஒரு பங்கு குறைச்சுதான் குடுப்பாங்க. எங்க வீட்டுல ஒரு பக்கத்துக்கு வாடகை அக்ரிமெண்ட் எழுதி, மாசம் ஒண்ணாம் தேதி அவன் அக்கவுண்ட்லேருந்து எங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகற மாதிரி பண்ணி, ஸ்டேட்மெண்டோட குடுத்தோம், முழுத்தொகை வந்துச்சு. பெத்த பிள்ளைகிட்ட வாடகையான்னு என் மாமியார் ஒரு வாரம் பேசல, அது வேற கதை.

சரி டேக்ஸ்

ஃபர்ஸ்ட் பார்ட்டி ட்ரஸ்ட்ல பெரும்பாலும் சிக்கல் கம்மி, டேக்ஸ் பாஷையில அது க்ராண்டர் ட்ரஸ்ட், அதாவது வட்டி டிவிடெண்ட் எல்லாம் பிள்ளையோட 1040-லயே (தனிநபர் டேக்ஸ் ரிட்டர்ன்) போகும், ட்ரஸ்ட் தனியா டேக்ஸ் கட்டாது. நீங்க உயிரோட இருக்கறப்போ எப்ப வேணா மாத்திக்கலாம்னு எழுதின தேர்ட் பார்ட்டி ட்ரஸ்ட்டும் அப்படித்தான், உங்க ரிட்டர்ன்ல வரும்.

சிக்கல் ஆரம்பிக்கறது மாத்த முடியாத தேர்ட் பார்ட்டி ட்ரஸ்ட்ல, பொதுவா போட்டவங்க போன பிறகு. அதுக்கு தனி இஐஎன் (டேக்ஸ் நம்பர்), தனியா ஃபார்ம் 1041 (ட்ரஸ்ட்டோட டேக்ஸ் ரிட்டர்ன்), வருமானம் 600 டாலர் தாண்டினா ஏப்ரல் 15-க்குள்ள ஃபைல் பண்ணணும். ட்ரஸ்ட்டுக்கு டேக்ஸ் ஸ்லாப் எவ்ளோ குறுகல்னு பாருங்க, 15,650 டாலர் தாண்டினாலே 37 பர்சென்ட். தனியா ஃபைல் பண்ற ஒரு மனுஷன் அந்த ரேட்டுக்கு போக 6,26,350 டாலர் சம்பாதிக்கணும். அதுக்கு மேல ட்ரஸ்ட் கையில வச்சுக்கற முதலீட்டு வருமானத்துக்கு அதே 15,650-லேருந்து இன்னொரு 3.8 பர்சென்ட்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் ஒரே கணக்குல காட்டறேன். தாத்தா விட்டுட்டுப் போன ட்ரஸ்ட், அதுல ஃபீஸ் எல்லாம் போக வருஷத்துக்கு 12,000 டாலர் வட்டி வருதுன்னு வைங்க. ஒண்ணும் செலவு பண்ணாம உள்ளயே வச்சு, சாதா ட்ரஸ்ட்டா 100 டாலர் விலக்கோட ஃபைல் பண்ணா டேக்ஸ் கிட்டத்தட்ட 2,465 டாலர். அதே ட்ரஸ்ட் குவாலிஃபைட் டிஸெபிலிட்டி ட்ரஸ்ட்டுன்னு தகுதி இருந்தா விலக்கு 5,100 டாலர் ஆயிடும், டேக்ஸ் 1,215-க்கு இறங்கிடும். தகுதின்னா பெரிசா ஒண்ணும் இல்ல, மாத்த முடியாத ட்ரஸ்ட்டா, அவனுக்காக மட்டும்னு எழுதினதா இருக்கணும், போடறப்போ அவனுக்கு 65 தாண்டியிருக்கக் கூடாது, சோஷியல் செக்யூரிட்டி அவனை டிஸேபிள்டுன்னு முடிவு பண்ணியிருக்கணும். 1041-ல அந்தப் பெட்டியை டிக் பண்ணி விலக்கை எடுக்கணும், அவ்ளோதான். எங்க பழைய டேக்ஸ் ஆளு ரெண்டு வருஷம் 100 டாலர்தான் போட்டுக்கிட்டு இருந்தார், நான் கேட்டதுக்கு அப்புறம்தான் திருத்தி ஃபைல் பண்ணோம், ரீஃபண்டும் வந்துச்சு.

இப்போ அதே ட்ரஸ்ட் 9,000 டாலரை தெரபிக்கும் கேம்ப்புக்கும் லேப்டாப்புக்கும் நேரா கட்டிச்சுன்னு வைங்க. டேக்ஸ் பாஷையில அந்த 9,000 வருமானமா பிள்ளைக்கு போயிடுச்சு, கே-1, அதாவது ட்ரஸ்ட்லேருந்து அவனுக்குப் போன வருமானத்தைச் சொல்ற ஃபார்ம், அவன் பேர்ல வரும். ட்ரஸ்ட்ல மிச்சம் 3,000, விலக்கு 5,100, டேக்ஸ் இல்ல. பிள்ளை இன்னும் உங்க டிபெண்டெண்ட், வேலைக்குப் போகலன்னா 1,350 டாலர் கழிச்சு 7,650-க்கு 10 பர்சென்ட், 765 டாலர். யாருக்கும் டிபெண்டெண்ட் இல்லாத காலம் வந்தா ஸ்டாண்டர்ட் டிடக்ஷனே 15,750, பூஜ்யம். பிள்ளை சின்னவன்னா கிட்டீ டேக்ஸ், அதாவது பிள்ளை வருமானத்துக்கு அப்பா அம்மா ரேட்ல போடற டேக்ஸ் இருக்கே, இந்த வகை ட்ரஸ்ட்லேருந்து வர்றதுக்கு அது கிடையாது, ரொம்ப நல்ல சலுகை.

எஸ்எஸ்ஐ பக்கம் அந்த 9,000 எவ்ளோன்னு கேட்டா பூஜ்யம். ஒரு டாலரும் அவன் கைக்கு வரல, வீட்டு வாடகைக்கும் போகல. ஐஆர்எஸ் பேப்பர்ல 9,000 வருமானம், சோஷியல் செக்யூரிட்டி பேப்பர்ல வருமானமே இல்ல, ரெண்டும் உண்மை. ஆனா ஒண்ணு, ரெண்டு ஆபீஸும் டேட்டா பகிர்ந்துக்கும், அதனால ஒரு நாள் லெட்டர் வரும், உங்க பிள்ளைக்கு 9,000 டாலர் வருமானம் இருக்கறதா தெரியுதுன்னு. பதறாதீங்க. ட்ரஸ்ட் காப்பி, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, யாருக்கு நேரா கட்டினோம்னு ஒரு பக்கம் விளக்கம், இத அனுப்புங்க. இதுக்குத்தான் நான் எக்செல்ல ஒவ்வொரு செலவுக்கும் ரெண்டு காலம் வச்சிருக்கேன், ஒண்ணு டேக்ஸ்ல என்ன, இன்னொண்ணு எஸ்எஸ்ஐல என்ன. ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க, பிள்ளை டிஸெபிலிட்டி மெடிகெய்ட்ல இல்லாம சம்பளத்தை வச்சுக் குடுக்கற மெடிகெய்ட்லயோ மார்க்கெட்ப்ளேஸ் இன்சூரன்ஸ்லயோ இருந்தா அங்க டேக்ஸ் வருமானம்தான் பேசும், கே-1 அங்க உதைக்கும். செக்ஷன் 8 வாடகை உதவிக்கும் விதி தனி.

வருஷம் முடிஞ்சு பார்த்தா ட்ரஸ்ட்ல வருமானம் நிறைய தங்கிடுச்சுன்னா அவசரப்பட வேண்டாம், அடுத்த வருஷம் முதல் 65 நாளுக்குள்ள பண்ற செலவை போன வருஷக் கணக்குல சேர்க்கச் சொல்லி 1041-ல குறிக்கலாம். நான் பிப்ரவரியில ஒரு தடவை கணக்கு பார்த்து, செப்டம்பர்ல வாங்க வேண்டியதுக்கெல்லாம் அப்பவே காசு கட்டிடுவேன்.

401கே-வும் தங்கக் காசும்

நம்ம ஆளுங்க சொத்துல பெரிய பங்கு 401கே-லதான், அதாவது வேலை இடத்து ரிட்டயர்மெண்ட் சேமிப்புலதான், இருக்கு, அதுல பெனிபிஷியரி யாருன்னு வேலைக்கு சேர்ந்த அன்னைக்கு போட்டதோட சரி. அங்க பிள்ளை பேரே இருந்தா நீங்க எழுதின அருமையான உயிலெல்லாம் எடுபடாது, காசு நேரா அவன்கிட்ட போயி எஸ்எஸ்ஐ நின்னுடும், அப்புறம் ஃபர்ஸ்ட் பார்ட்டி ட்ரஸ்ட்ல போட்டு மெடிகெய்ட்டுக்கு பாக்கி வச்சுக்கிட்டு நிக்கணும். அவன் பேரை எடுத்துட்டு ட்ரஸ்ட்டோட முழுப்பேரையும் தேதியையும் போடுங்க. 2019-ல வந்த செக்யூர் ஆக்ட்படி மத்த பிள்ளைங்க பொதுவா 10 வருஷத்துல எடுத்து முடிக்கணும், சரியா எழுதின ஸ்பெஷல் நீட்ஸ் ட்ரஸ்ட்னா குறைபாடு உள்ள பிள்ளையோட ஆயுசு கணக்குல மெதுவா எடுக்கலாம். அதுக்கு நீங்க போன அடுத்த வருஷம் அக்டோபர் 31-க்குள்ள ப்ளான் ஆளுங்ககிட்ட குறைபாட்டுக்கான பேப்பர் போயிருக்கணும், ட்ரஸ்டியா வரப்போற தம்பிக்கோ மச்சினருக்கோ இத இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. ஆனா எடுத்தது ட்ரஸ்ட்லயே தங்கினா மேல சொன்ன 37 பர்சென்ட்தான். அதனால எங்க வீட்ல ராத் ஐஆர்ஏ (டேக்ஸ் கட்டின காசைப் போடற ரிட்டயர்மெண்ட் அக்கவுண்ட்), டெர்ம் இன்சூரன்ஸ் ரெண்டும் பையன் ட்ரஸ்ட்டுக்கு, சாதா 401கே பொண்ணுக்குன்னு பிரிச்சோம், ராத்லயும் இன்சூரன்ஸ்லயும் உள்ள வர்ற காசுக்கு வருமான வரி இல்லையே.

நீங்க ரிட்டயர் ஆனாலோ காலமானாலோ, 22 வயசுக்குள்ள குறைபாடு வந்த பிள்ளைக்கு உங்க சோஷியல் செக்யூரிட்டி ரெக்கார்டுல தனியா ஒரு பெனிஃபிட் வரும், ரெண்டு வருஷம் கழிச்சு மெடிகேரும் (மெடிகெய்ட் இல்ல, அது வேற அரசு மருத்துவ இன்சூரன்ஸ்). அதுக்கு 2,000 டாலர் வரம்பு கிடையாது. அந்த பெனிஃபிட் வர்றதால எஸ்எஸ்ஐ நின்னு போனாலும் மெடிகெய்ட்டை காப்பாத்திக்க விதி இருக்கு, ஆபீஸ்ல கேட்டு வாங்கணும், தானா சொல்ல மாட்டாங்க.

கடைசியா ஊர் விஷயம். தாத்தா பாட்டி பாசத்துல பேரன் பேர்ல ஒரு கிரவுண்டு நிலம் எழுதி வைப்பாங்க, வித்து காசாக்க முடிஞ்ச நிலம்னா அது இங்க அவன் சொத்துக் கணக்குல வரும், கடல் தாண்டி இருக்கேன்னு விலக்கு கிடையாது. அங்க பேங்க்ல அவன் பேர்ல எஃப்டி போட்டாலும் அதேதான். நகை கொஞ்சம் பரவாயில்ல, போட்டுக்கற செயின், குடும்ப வழியா வந்த மோதிரம் இதெல்லாம் கணக்குல வராது, ஆனா சேமிப்புக்குன்னு லாக்கர்ல வச்ச தங்கக் காசு வரும். அவங்க குடுக்கணும்னா உங்க ட்ரஸ்ட்டுக்கு குடுக்கட்டும், இல்லன்னா உங்க பேர்ல குடுக்கட்டும். வெளிநாட்டுலேருந்து வர்ற கிஃப்ட் வருஷத்துல 1 லட்சம் டாலர் தாண்டினா வாங்கினவங்க ஃபார்ம் 3520 போடணும், டேக்ஸ் இல்ல, ஆனா போடாம விட்டா அபராதம் பயங்கரமா இருக்கும்.

என் மாமியார் போன தடவை வந்தப்போ பேரனுக்குன்னு சுருக்குப் பையில ரெண்டு பவுன் காசு கொண்டு வந்தாங்க. கையில வாங்கின கையோட என் பேர்ல எழுதி வச்சிட்டேன், அவங்ககிட்ட காரணம் சொல்லவே ஒரு சாயங்காலம் ஆச்சு. ஊருக்குப் போனதும் வக்கீலை வரச் சொல்லி உயில்ல அவன் பேரை எடுத்துட்டு ட்ரஸ்ட் பேரை எழுத வச்சிருக்காங்க, ஸ்பெல்லிங்குக்கு எனக்கு மூணு தடவை ஃபோன் பண்ணாங்க.